தகட்டில் சுட்ட ரொட்டி

பாம்பனுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு. அங்கே கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர் ராக்கு அம்மையார். நீந்துவதற்குத் தோதாக இரு கால்களிலும் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொள்வார். கரையேறியதும் அந்தத் தகட்டையே கழுவி, சுள்ளி மூட்டி, கேப்பை மாவில் வெங்காயம் பிசைந்து ரொட்டி தட்டுவார். அவரிடம் வேறு சட்டி கிடையாது. அந்த ரொட்டி பிறந்த வரலாறு அவ்வளவுதான். முதல் ரொட்டி அந்தத் தீவின் கரையில் கோயில்கொண்ட கரைக்காளிக்கு; ஆத்தாள் உண்ட பிறகே தமக்கு.

காளி கோயிலைப் புதுப்பிக்கத் திருமேனிநாதன் என்றொரு தர்மகர்த்தா வந்தார். கூடவே புதிய வரலாறும் வந்தது. அடைக்கலம் தேடிவந்த ஒரு மகாராணி பொன் வாணலியில் சுட்டதாம் இந்த ரொட்டி. 'ராணி ரொட்டி' என்று பலகையும் மாட்டினார். நெய்யும் முந்திரியும் சேர்த்துச் சுடச் சமையல்காரர்களை அமர்த்தினார். முந்திரி கடலுக்குள் விளைகிறது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

குடமுழுக்கு நாளில் அம்மையார் சுடச்சுட ரொட்டியோடு வந்தார்.

"நில்லு! காலுல கட்டுன தகட்டுல சுட்டதையா ஆத்தாளுக்குப் படைக்கிற?" என்றார் தர்மகர்த்தா.

"தெனமும் இதத்தானய்யா திங்கிறா."

"இனிமே ராணி ரொட்டிதான். வெளிய போ!"

"ஏ ராக்கு, செருப்புலயும் ரெண்டு சுட்டுக் கொண்டா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பக்தகோடிகள் சிரித்தார்கள்.

அம்மையார் அழவில்லை. தர்மகர்த்தாவைத் திட்டித் தம் வாயைக் கெடுத்துக்கொள்ளவும் இல்லை. வாசல் மணலில் அமர்ந்து நேரே காளியிடம் சண்டைக்குப் போனார்.

"ஏத்தா! ஒன் வாசல்லயே என்னய வெரட்டுறான், பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டு வேடிக்கையா பாக்குற? நெய் ருசி கண்டுட்டியோ? நீ திங்காம நான் திங்கமாட்டேன். ரெண்டு பேரும் பட்டினி கெடப்போம்!"

உள்ளே பம்பை முழங்கியது. வெள்ளித் தட்டில் ராணி ரொட்டி ஏந்தி நின்றவர் தர்மகர்த்தாவின் மனைவி மங்களவல்லி. வியர்ப்பதே கௌரவக் குறைவு என்றிருந்த சீமாட்டி. அவர்மேல் அருள் இறங்கிற்று. தட்டு பறந்தது. கூந்தல் அவிழ வெளியே ஓடிவந்து மணலில் சப்பணமிட்டார். அம்மையார் மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். மீதியை அம்மையார் வாயில் ஊட்டினார்.

தர்மகர்த்தா கைகூப்பினார். "தாயே, அந்த ராணி ரொட்டி..."

"எந்த ராணிடா? இந்தக் கரையில நான் ராணியக் கண்டதே இல்ல. பசியத்தான்டா கண்டிருக்கேன்!"

சிரித்தவர்கள் எல்லாரும் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். தாயையே அதட்டி உண்ண வைத்த ராக்கு அம்மையாரின் கோபத்துக்கு நம் வணக்கம்.