சேராங்கொட்டை சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டை வீரமல்லன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான். அதற்குள் யாராவது அழுது முடித்திருப்பார்கள்.

ஒரு லேகியம் அவனுடைய முழங்கால் வலியைத் தீர்த்தது. "சேராங்கொட்டை லேகியம், மகாராஜா. கொட்டையை இந்தக் கையாலேயே உடைத்தேன்" என்றார் அரண்மனை வைத்தியர் ஆதிசேடர். "மலைக்காரர்கள்தான் திருடிக்கொண்டு போகிறார்கள்."

அன்றே சேராமரங்களைச் சுற்றி வேலி எழுந்தது. தொட்டவர் கையை வெட்ட உத்தரவு.

அந்தக் கொட்டையைப் பொறுக்கி விற்றுத்தான் மலைக்காரி சடைச்சியின் ஊரில் உலை கொதிக்கும். வைத்தியருக்கு இருபது வருஷமாக அதை உடைத்துச் சுத்திசெய்து கொடுத்தவளும் அவள்தான். கொட்டைக் கூடையோடு நேரே சபைக்குப் போனாள்.

"என் கையை வெட்டுங்கள். அதற்கு முன் இவர் ஒரு கொட்டை உடைக்கட்டும். நானும் உடைக்கிறேன்."

"என்ன திமிர்!" என்றார் ஆதிசேடர்.

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "உடையும் வைத்தியரே, பார்ப்போம்."

சடைச்சி ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி, முழங்கை வரை பூசிக்கொண்டாள்.

"எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தாயா?" என்றார் ஆதிசேடர். சபை சிரித்தது.

"உங்களுக்கும் மிச்சம் இருக்கிறது, சாமி."

"உன் மிச்சம் எனக்கா?"

ஆதிசேடர் வெறுங்கையால் ஒரு கொட்டையை எடுத்துக் கல்லால் தட்டினார். கருஞ்சாறு விரலிடுக்கில் வழிந்தது. மேல்துண்டில் துடைத்தார். அதே துண்டால் முகத்து வியர்வையையும் ஒற்றிக்கொண்டார்.

"பார்த்தீர்களா? வெட்டச் சொல்லுங்கள், மகாராஜா."

"தீர்ப்பு நாளைக் காலையில் இருக்கட்டும்" என்றாள் சடைச்சி, தன் கொட்டையை உடைத்தபடி. "என் கை எங்கே ஓடிவிடப் போகிறது?"

மறுநாள் வைத்தியரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். விரல்கள் கத்தரிக்காயாக வீங்கியிருந்தன. கண்கள் திறக்கவில்லை. சொறிய இன்னும் நாலு கை தேவைப்பட்டது.

சடைச்சி தன் கைகளை விரித்தாள். பழைய கறுப்புத் தழும்புகள், புதிதாக ஒன்றுமில்லை.

"முதல் நாள் நானும் எண்ணெய் இல்லாமல்தான் தொட்டேன்; சாறு கையைச் சுட்டுவிட்டது. பிறகு மறந்ததே இல்லை. இவருக்கு நேற்றுத்தான் முதல் நாள்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "ஆதிசேடரே, வீக்கம் வற்றியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு இவள் பின்னால் போம். சடைச்சி, காட்டை உனக்கே கொடுத்தேன்!"

"காடு அங்கேயேதான் இருக்கிறது, மகாராஜா. வேலியைப் பிடுங்கச் சொல்லுங்கள். மாலையில் மாற்றாமல் இருந்தால் போதும்."

ராஜா அவளை முறைத்தான். பிறகு ஒரு கொட்டையை எடுத்துப் பார்க்கக் கூடைக்குள் கை விடப்போனான்.

சடைச்சி கிண்ணத்தை அவன் முன் நகர்த்தினாள். "முதலில் எண்ணெய். யார் ராஜா என்று கொட்டைக்குத் தெரியாது."

ராஜா எண்ணெயில் விரலை நனைத்தான்.

அன்று மாலை மலைக்காரர்களின் அடுப்பில் வேலி எரிந்தது.