கொடியில் தொங்கிய கரடி

தும்பிப்பாறைக் காட்டில் ஒரு கரடி தேன் வியாபாரம் நடத்தி வந்தது. அங்கே செங்குத்துப் பாறையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். ஒரு குரங்கு கொடியைப் பிடித்து இறங்கித் தேன் எடுக்கும். இன்னொரு குரங்கு உச்சியில் இருந்துகொண்டு, கொடியை மரத்தில் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். இறங்குபவர் உயிர் மேலே இருப்பவர் கையில்! அதனால் கொடி பிடிக்கும் வேலை எப்போதும் மூத்த குரங்குகளுக்குத்தான்.

அந்த மலையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கை தளர்ந்து வேலையை விட்ட குரங்குக்குச் சாகும்வரை தினம் ஒரு துண்டு தேனடை. அந்த நம்பிக்கையில் ஒரு குரங்கும் வேறு மலையை எட்டிப் பார்த்ததில்லை.

கரடிக்கு ஆலோசகர் நரி. நரிக்குத் தேன் எடுக்கத் தெரியாது, கொடி பிடிக்கவும் தெரியாது. அதனால்தான் ஆலோசகர்.

"எசமான், வேலை செய்யாத வாய்க்கு எதுக்குத் தேன்?" என்றது நரி. "இனிமே புதுசா சேர்றவங்களுக்கு அந்த வழக்கம் வேண்டாம். கூலியோட ஒரு விரல் தேன் கூடக் கொடுப்போம். வயசான காலத்துக்கு அவங்களே இலையில மடிச்சுச் சேர்த்து வச்சுக்கட்டும்!"

"அதை எறும்பு தின்னுட்டா?"

"அது எறும்பு பாடு, குரங்கு பாடு. நம்ம பாடு இல்ல!"

கரடிக்கு வாயெல்லாம் பல். இந்த யோசனைக்குக் கூலியாக, ஆயுள் முழுக்கத் தினம் ஒரு தேனடை வேண்டும் என்றது நரி. கரடியும் யோசிக்காமல் தலையாட்டியது!

முதலில் தேன் மிச்சமானது. கரடியின் தொப்பை பெருத்தது. பிறகு மூத்த குரங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இளங்குரங்குகள் வந்தன, தொழிலைக் கற்றன, கற்ற கையோடு பக்கத்து மலைக்குத் தாவின. அங்கே கூலியோடு ஒரு வாழைப்பழம் கூடுதல். குரங்கைக் குறை சொல்ல முடியுமா? இருந்தால் மட்டும் இங்கே என்ன கிடைக்கப்போகிறது? கரடியின் மலை குரங்குகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஆனது.

பங்குனி வந்தது. பாறை முழுக்கத் தேன்கூடுகள் கனத்துத் தொங்கின. இறங்க ஆளில்லை. வேறு வழியின்றிக் கரடியே இடுப்பில் கொடியைக் கட்டிக்கொண்டு இறங்கியது. மேலே கொடி பிடிக்கச் சிலுப்பன் என்ற புதுக்குரங்கை நரி பிடித்து வந்திருந்தது.

பாதிப் பாறையில் கரடி தொங்கும்போது மேலிருந்து குரல் வந்தது.

"எசமான், பக்கத்து மலையில கூப்பிடறாங்க. நான் கிளம்பறேன்!"

"அடப்பாவி! நான் தொங்கிக்கிட்டு இருக்கேன்டா!"

"தெரியுது எசமான். ஆனா எனக்கு இங்க என்ன இருக்கு?"

தேனீக்கள் கரடியின் மூக்கை மொய்த்தன. கீழே பார்த்தது. தலை சுற்றியது.

"நரியே! நீ வந்து பிடி!"

"எனக்கு யோசனை சொல்லத்தான் தெரியும் எசமான்!" என்று எங்கோ புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"டேய் சிலுப்பா, போகாதே! பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டு வர்றேன். வயசானாலும் உனக்குத் தினம் தேனடை!"

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

கண்ணிமையில் ஒரு தேனீ கொட்டியது.

"எல்லாருக்கும்! ஐயோ, எல்லாருக்கும்!"

சிலுப்பன் கொடியை இறுக்கிப் பிடித்தான். முட்டி தேயக் கரடி மேலே ஏறி வந்தது.

உடனே நரி வந்து காதைக் கடித்தது. "தொங்கறப்போ சொன்னதெல்லாம் ஒரு வாக்கா எசமான்? ரொம்பச் செலவு!"

கரடி வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டது. நரி சொன்னதில் பொய்யில்லை. இனி ஒவ்வொரு பருவமும், தான் நக்குவதற்கு முன்பே ஒரு பங்கைப் பாறைப் பொந்தில் ஒதுக்க வேண்டும். பூ குறைந்த வருஷத்திலும் அதில் கை வைக்கக் கூடாது.

"செலவுதான்," என்றது கரடி. "நாளைக்கு மறுபடி இறங்கணும். நீ இறங்கறியா?"

நரி அதோடு காட்டைவிட்டே ஓடிப்போனது. பழைய வழக்கம் திரும்பிய சேதி கேட்டு, தாவிப்போன இளங்குரங்குகள் சில திரும்பி வந்து அந்தப் பருவத்துத் தேனை இறக்கின.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது, காட்டில் பூவே இல்லை. பொந்தில் ஒதுக்கிய தேனைக் கிழக்குரங்குகளுக்குக் கொடுத்துவிட்டுக் கரடி காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்றது. தின்றபடியே எல்லோரையும் திட்டியது. ஆனால் ஒரு குரங்கும் மலையைவிட்டுப் போகவில்லை. மறு பருவம் பூத்தபோது, பக்கத்து மலைக் குரங்குகளும் வேலை கேட்டு வரிசையில் நின்றன.

உழைப்பவரின் முதுமைக்குச் செய்யும் செலவை மிச்சம் பிடிக்கும் முதலாளி, தன் உயிரைப் பிடித்திருக்கும் கையைத்தான் தளர விடுகிறான்.