மூட்டைக்குள் எட்டிப் பார்த்தவன்

ஒரு தாலுகா அலுவலகத்தின் மூலை அறையில் ஒரு கணினி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தூசி படிந்த கறுப்புப் பெட்டி. உள்ளே போனால் அதுவே ஒரு பெரிய அலுவலகம். அங்கும் மரியாதை உள்ளவர்கள், மரியாதை இல்லாதவர்கள் என்று இரண்டு சாதி உண்டு.

அலுவலகத்துக் காகிதம் அத்தனையையும் தன் வயிற்றில் வைத்துக் காத்தவள் வட்டம்மா, கணினியின் சேமிப்பு வட்டு. அவள் வயிறு நிறைந்து வருஷம் மூன்றாகிறது. இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய மனுக்களை எல்லாம் அழுத்தி மடக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் மனுக்கள். மூட்டை வாயைத் திறக்காது. கேட்டால், “நான் பத்திரமாக இருக்கிறேன்” என்று மட்டும் சொல்லும்.

மூட்டைகளைப் பிரிக்கும் அதிகாரம் பிரிப்பையாவுக்கு. அவர் வந்தால் திரையில் பச்சைப் பட்டை ஓடும், சதவீதம் ஏறும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய காரியம் நடப்பதுபோல் இருக்கும்.

எட்டிப்பார் என்று இன்னொருவன் இருந்தான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே நுழைந்து, யார் யார் இருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவான். ஒரு துரும்பு இடம் மாறாது. பட்டையும் கிடையாது, சத்தமும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துத் தட்டிக் கூப்பிட்டால்தான் வருவான். அந்த அலுவலகத்தில் அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இசக்கியம்மாள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். குளக்கரையில் இருந்த அவள் வீட்டை இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பே பட்டா கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்கு மட்டும் மாற்று வீடு உண்டாம். அவள் கொடுத்திருந்தாள். ரசீது வெள்ளத்தில் போய்விட்டது. விசாரணை அன்று மாலை நாலு மணிக்கு.

“சார், நான் குடுத்த மனு இங்கதான இருக்கும்? அதக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. வேற ஒண்ணும் கேக்கல” என்றாள்.

எழுத்தர் ஜெயசீலன் நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். “இருக்கும்மா. ஆனா மூட்டையா கட்டியாச்சு. பிரிச்சாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, கணினி எலியை நகர்த்திப் பிரிப்பையாவை அழைத்தார்.

பிரிப்பையா தோளை உயர்த்திக்கொண்டு வந்தார். மூட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இதைப் பிரித்துப் போட நாற்பது அறை காலியாக வேண்டும்.”

“மூன்றுதான் இருக்கிறது ஐயா. மூச்சு விடவே இடமில்லை” என்றாள் வட்டம்மா.

“அப்படியானால் பிரிக்க முடியாது.”

மூலையில் நின்ற எட்டிப்பார் தொண்டையைச் செருமினான். “ஒரு மனுவைத்தானே கேட்கிறார்கள்? நான் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்கிறேனே. அரை அறைகூட வேண்டாம்.”

பிரிப்பையா சிரித்தார். “ஒன்றையும் வெளியே எடுத்துப் போடாமல், ஒன்றையும் கலைக்காமல், அது என்னப்பா வேலை? நீ வேலை செய்தாய் என்று எதை வைத்து நம்புவது?”

திரையில், ‘இடம் போதவில்லை’ என்று வந்தது. ஜெயசீலன் தாசில்தாரிடம் ஓடினார். தாசில்தார் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே வழி சொன்னார்.

“இந்த வருஷ மனுவெல்லாம் கிடக்குல்ல, அத அழிச்சிட்டு இடம் பண்ணுங்க.”

“சார், அதுக்கு இன்னும் பதிலே போடலையே.”

“அப்போ ரொம்ப நல்லது. பதில் போட வேண்டிய வேலையும் மிச்சம்.”

செய்தி உள்ளே எட்டியதும் இந்த வருஷத்து மனுக்கள் கதறின. ஒன்று தண்ணீர்க் குழாய் கேட்டது, ஒன்று விதவை உதவித்தொகை கேட்டது. பிரிப்பையா கைகளைத் தேய்த்துக்கொண்டார். “வரிசையாகப் போங்கள். பொது நன்மைக்காகத்தான்” என்றார்.

“ஒரு பழைய மனுவைப் பார்ப்பதற்காக இத்தனை புது மனுக்களைக் கொல்வீர்களா? பிரித்த பிறகு நீங்கள் அதைப் படிக்கப்போவதும் இல்லையே!” என்றான் எட்டிப்பார்.

“படிப்பது என் துறை அல்ல” என்றார் பிரிப்பையா.

வெளியே, ஜெயசீலனின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. இசக்கியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை. அவர் விரலை எடுத்துவிட்டு, கலெக்டர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் கோமதிக்குப் போன் போட்டார்.

கோமதி கேட்டுவிட்டு அதிர்ந்துபோனாள். “ஐயையோ, எதையும் அழிக்காதீங்கண்ணே! மூட்டைய எதுக்குப் பிரிக்கணும்? ஒரு ஆள் பேரு இருக்கா இல்லையான்னு தெரியணும், அவ்வளவுதான? எட்டிப் பாத்தாப் போதும்.”

“அப்படியும் ஒரு வழி இருக்கா?”

“கம்ப்யூட்டர் வந்த நாள்லயிருந்து இருக்கு. கறுப்புத் திரையத் திறங்க. நான் சொல்லுத ஒரு வரிய அப்படியே தட்டுங்க.”

ஜெயசீலன் ஒற்றை விரலால் தட்டினார். இரண்டு தடவை தப்பாகத் தட்டினார். மூன்றாவது தடவை, அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக, எட்டிப்பாரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவன் மூட்டையின் முன்னால் போய் நின்றான். மூட்டை முதல்தடவையாக நடுங்கியது.

“உள்ளே போகாதே. எல்லாம் பத்திரமாக இருக்கிறது.”

“பத்திரமாக இருந்தால் பார்ப்பதில் என்ன?” என்று சொல்லிவிட்டு அவன் நுழைந்தான்.

உள்ளே இருட்டு. மனுக்கள் முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மடங்கிக் கிடந்தன. அவன் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனான். எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே முத்திரை: ‘படித்துப் பார்க்கப்பட்டது’. ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவதாக ஒரு சின்ன மனு. இசக்கியம்மாள், கணவர் பெயர் சுடலைமுத்து, குளக்கரைத் தெரு. நாளும் சரியாக இருந்தது. அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான்.

மனு கண்ணைத் திறந்தது.

“ஐயா, முழுசாப் படிச்சீங்களா?”

“படித்தேன். ஏன்?”

“இத்தனை வருஷத்துல என்னப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்.”

எட்டிப்பார் அதன் நெற்றி முத்திரையை மறுபடி பார்த்தான். சுற்றிலும் கிடந்த ஏழாயிரம் முத்திரைகளையும் பார்த்தான். இடம் மிச்சம் பிடிக்கத்தான் மூட்டை கட்டினார்கள் என்று அதுவரை நம்பியிருந்தான்.

கறுப்புத் திரையில் மனு வரிவரியாக வந்தது. “ஒரு நிமிஷங்கூட ஆகலையே!” என்றார் ஜெயசீலன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். இசக்கியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விசாரணைக்கு ஓடினாள். மாற்று வீடு கிடைத்தது.

பிரிப்பையா மட்டும் சமாதானம் ஆகவில்லை. “இதெல்லாம் ஒரு வேலையா? தரையில் ஒரு காகிதம் விழவில்லை” என்று வட்டம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவளோ அழியாமல் தப்பித்த மனுக்களைப் பத்திரமாக மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை குளக்கரைத் தெருவே திரண்டு வந்தது. நாற்பது பேர். எல்லாரும் ஒரே பேச்சு: “சார், எங்களதயும் எட்டிப் பாருங்க.” ஜெயசீலன் பார்க்கத் தொடங்கினார். பார்க்கப் பார்க்க, எது எது எத்தனை வருஷம் படிக்கப்படாமல் கிடந்தது என்பதும் ஊருக்குத் தெரியத் தொடங்கியது.

தாசில்தாருக்கு வியர்த்தது. மேலிடத்துக்கு எழுதினார். மூன்றாம் நாளே மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து இறங்கியது. ரகசிய உத்தரவு என்பதால் அழகாக மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள்.

பிரிப்பையா சுற்றிவந்து பார்த்தார். “எட்டு அறை வேண்டும்” என்றார். வட்டம்மா உதட்டைப் பிதுக்கினாள். உத்தரவு வாசலிலேயே கிடந்தது.

ஜெயசீலன் அந்த ஒரு வரியைத் தட்டினார். எட்டிப்பார் உள்ளே போய்ப் படித்துக் காட்டினான்: ‘மூட்டைகளைப் பிரிக்காமல் உள்ளே எட்டிப் பார்ப்பது இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது.’

ஜெயசீலன் திரையைப் பார்த்தார். வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு திரையில் வந்த வரியை அழித்துவிட்டார்.

பிரிக்காத தபால் கிடைத்ததாகக் கணக்கில்லை என்பது அந்த அலுவலகத்தின் மிகப் பழைய விதி.

“அடுத்தது யாரும்மா? பேரச் சொல்லுங்க” என்றார்.