நானூறு பேருக்குச் சோறு

நான் பெரிய புத்திசாலி என்று நம்பியவர்கள் நாட்டில் இரண்டே பேர். ஒருவர் எங்கள் அரசர் வேலவராயர். இன்னொருவன் நான், அவருடைய சபையில் விகடம் பேசிச் சாப்பிடும் கொழுந்தப்பன்.

ஒரு நாள் அரசர் என்னைக் கூப்பிட்டார்.

"கொழுந்தப்பா, கடலுக்கு அப்பால் கிராம்புத் தீவில் நம் போர்க்கப்பல்கள் ஏழு நிற்கின்றன. நானூறு வீரர்கள். மாதம் நூற்றைம்பது மூட்டை அரிசி. காவல் தீவுக்கு, சோறு என் களஞ்சியத்திலிருந்தா? இனி தீவுக்காரர்களே போடட்டும். ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வா. முடியாவிட்டால் அரண்மனைப் பக்கமே தலைகாட்டாதே!"

"இதெல்லாம் ஒரு வேலையா, அரசே?" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

கப்பலேறித் தீவில் போய் இறங்கினேன். தீவின் தலைவி பூமாலை நாச்சியார் இளநீர் கொடுத்து உட்கார வைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஐயா, அந்தக் கப்பல்கள் காப்பது உங்கள் அரசரின் கிராம்பு வியாபாரத்தை. எங்களை அல்ல. சோறும் அவரே போடட்டும்."

இரண்டு நாள் பேசினேன். அவர் அசையவில்லை. மூன்றாம் நாள் என் மூளை விழித்துக்கொண்டது.

"அம்மா, ஒரு பந்தயம். கப்பல்கள் கண்ணுக்கு மறைவாகப் போய் நிற்கட்டும். 'கப்பலைக் கூப்பிடு' என்று எந்தத் தரப்பு முதலில் சொல்கிறதோ, அந்தத் தரப்பே சோறு போடவேண்டும்."

நாச்சியார் சிரிக்காமல் ஓலையில் முத்திரை வைத்தார். கடற்கொள்ளைக்காரர் பயத்தில் மறுநாளே அழுதுகொண்டு வருவார் என்று நான் காத்திருந்தேன்.

கப்பல்கள் போயின. யாரும் அழவில்லை. நானூறு பேர் குளிக்காததால் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. மீன் விலை பாதியானது. பெண்கள் கடற்கரையில் கும்மியடித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மரியாதைக்காக நானும் அடித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கடலோரம் நடந்துகொண்டிருந்தேன். தொலைவில் எட்டுக் கறுப்புப் பாய்கள்! வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினேன்.

"கொள்ளைக்காரன் வந்துட்டான்! கப்பலைக் கூப்பிடுங்க! ஐயோ, கப்பலைக் கூப்பிடுங்க!"

நாச்சியார் வெளியே வந்து கடலைப் பார்த்தார்.

"அவர்கள் கருவாட்டு வியாபாரிகள், ஐயா. மாதாமாதம் வருவார்கள்" என்றார். பிறகு மிகவும் அன்பாக, "கூப்பிட்டது உங்கள் தரப்பு" என்றார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் பொய் யோசித்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. நடந்ததை அப்படியே சபையில் சொன்னேன். மந்திரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அரசரின் மீசை துடித்தது.

"கூப்பிட்டவன் நீ! நானூறு பேருக்கும் நீயே சோறு போடு. உன் சம்பளத்தில் பிடிக்கிறேன்!"

"அப்படியே ஆகட்டும், அரசே. பயந்தவன் நான்தான், பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சங்கடம். என் சம்பளம் மாதம் இரண்டு மூட்டை. அதை நூற்றைம்பத்திரண்டாக உயர்த்தினால், நூற்றைம்பதை இன்றைக்கே பிடித்துவிடலாம்."

அரசர் மெல்லக் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடப்பாவி! ஆக, சோறு என்னுடையது, போட்ட பெயர் உனக்கா?"

"பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள், அரசே. அந்த மிச்சம் இரண்டு மூட்டையை மட்டும் மறந்துவிடாதீர்கள்!"