ஆரணியின் கல்யாணத்தன்று காணாமல் போன மணித்தியாலம்

ஸ்காபரோவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் வாகீசுவரி என்றொரு குரு இருந்தார். விடிவதற்கு முன் சிலர் அங்கே வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். விடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பாடம் அவ்வளவுதான்.

குருவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடர்களில் மூத்தவரான குலவீரசிங்கத்துக்கு அறுபது. அவர் குருவை அக்கா என்பார். குரு அவரை அண்ணை என்பார். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அந்த ஊரில் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். அரசாங்கத்தின் கட்டளை. அதிகாலை இரண்டு மணி, மூன்று மணி ஆகிவிடும். நவம்பரில் அதைத் திரும்பவும் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்த நாள் கிட்ட வந்தாலே சனங்களுக்கு வாய் ஓயாது. நித்திரை போச்சு என்று ஒருவர் புலம்புவார். பின்னேர வெயில் நீளும், தக்காளி நடலாம் என்று இன்னொருவர் துள்ளுவார். அடுப்பிலும் காரிலும் உள்ள மணிக்கூடுகளை மாற்றத் தெரியாமல் பிழையான நேரத்தோடேயே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்துவிடும் வீடுகளும் உண்டு. நவம்பரில் அது தானாகவே சரியாகிவிடும். எனக்கு அந்த வீடுகளைத்தான் பிடிக்கும்.

குலவீரசிங்கம் தன் ஒரே மகள் ஆரணியின் கல்யாணத்தைச் சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிட்டார். நாள் வைக்கும்போது அவருக்கு அது நினைவில்லை. கல்யாணம் செய்துவைக்கும் கோயில் குருக்களுக்கும் நினைவில்லை. நல்ல மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். குரு ஒரு கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இப்பவே மாத்திறீங்களோ அக்கா?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி மாத்த எனக்கு ஏலாது அண்ணை. கதிரையைப் பிடியுங்கோ, ஆடுது."

குலவீரசிங்கம் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கல்யாணம் நிண்டுபோகப் போகுது."

"ஏன்?"

"கார்டில தாலி கட்டுற நேரம் ஒன்பது மணி எண்டு அடிச்சுப்போட்டம். இண்டைக்குத்தான் குருக்கள் ஐயா பிழையைக் கண்டுபிடிச்சவர். அவர் சூரியனை வைச்சுக் கணிச்ச ஒன்பது, நாளைக்குப் புது நேரத்தில பத்தாம். ஒன்பதுக்குத் தாலியை எடுத்துத் தரமாட்டன் எண்டிட்டார். சூரியனுக்கு அரசாங்கத்தைத் தெரியாதாம்."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறார்."

"சம்பந்தி விடுறார் இல்லை. பரஞ்சோதியரை உங்களுக்குத் தெரியும்தானே. கார்டில ஒன்பது, ஊர் முழுக்கச் சொன்னதும் ஒன்பது, ஒன்பதுக்குத் தாலி ஏறாட்டில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டு போனை வைச்சிட்டார்."

"அவர் சொல்லுறதும் சரிதானே. சொன்னால் சொன்ன நேரம்."

குலவீரசிங்கம் கதிரையை விட்டுவிட்டார்.

"என்னக்கா நீங்கள். பிள்ளை மத்தியானம் துடக்கம் அழுகுது. மருதாணி போட்ட கையால கண்ணைத் துடைக்கவும் ஏலாமல் இருந்து அழுகுது."

குரு மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்தபடி மெல்ல இறங்கினார்.

"கதிரையைப் பிடியுங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். குரு மணிக்கூட்டின் பின்பக்கத்துத் திருகை மெதுவாகத் திருகினார். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"பாத்தீங்களோ. ஒரு மணித்தியாலம் காணாமல் போச்சு."

"அதைத்தான் நானும் கேக்கிறன் அக்கா. அந்த மணித்தியாலம் எங்க போகுது? போறது போகட்டும், என்ர பிள்ளையின்ர கல்யாணத்தையுமெல்லோ கொண்டு போகுது."

"எங்க போகுது எண்டு நாளைக்குச் சொல்லுறன். நீங்கள் எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. போன நவம்பர் மோதிரம் மாத்தின அண்டைக்குப் பரஞ்சோதியர் எத்தினை மணிக்கு வந்தவர்?"

அத்தனை கவலையிலும் குலவீரசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் மணிக்கூடு மாற்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பரஞ்சோதி கைமணிக்கூட்டைப் பின்னுக்கு இழுக்காமல் ஒரு மணி நேரம் முந்தியே வந்து, ஒருவரையும் காணாமல், சமையல்காரர்களோடு சேர்ந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் அவரோட இருந்து உரிச்சனான்," என்றார் குரு. "நல்ல மனுசன். அந்த மணிக்கூடுதானே இப்பவும் கட்டியிருக்கிறார்?"

"மாமனார் போட்டது. சாவி குடுக்கிற மணிக்கூடு. அதைத் தவிர வேற ஒண்டையும் நம்பமாட்டார். போனையே பாக்கமாட்டார். ஆராவது ஞாபகப்படுத்தினால்தான் நேரத்தை மாத்துவார்."

"அப்ப நீங்கள் ஞாபகப்படுத்தாதேங்கோ."

குலவீரசிங்கம் விளங்காமல் பார்த்தார்.

"குருக்களுக்குப் போன் எடுத்து, பத்து மணிக்குத் தாலி எண்டு சொல்லுங்கோ. சம்பந்திக்குப் போன் எடுத்து, உங்கட கைமணிக்கூட்டில ஒன்பது ஆகேக்க தாலி எண்டு சொல்லுங்கோ."

"ஆளுக்கு ஒரு நேரமோ? நான் பொய் சொல்லோணுமோ அக்கா?"

"இதில எது பொய்?"

குலவீரசிங்கம் விரல்விட்டு எண்ணினார். இடையில் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மாற்றாத மணிக்கூட்டில் ஒன்பது ஆகும்போது ஊருக்குப் பத்து ஆகியிருக்கும். சூரியன் குருக்கள் சொன்ன இடத்திலேயே நிற்கும். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. பிறகு சட்டென்று வாடியது.

"ராத்திரி அவர் அதை மாத்திப்போட்டால்?"

"மாத்தினால் நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் இருந்து உள்ளி உரிப்பம். எழும்புங்கோ, பிள்ளைக்குக் கண்ணைத் துடைச்சுவிடுங்கோ."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு என்று கார்டில் இருந்தது. எந்தக் கல்யாணத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து பழகிய சனம், மணிக்கூட்டுக் குழப்பத்துக்குப் பயந்து அன்றைக்கு நேரத்துக்கே வந்து நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இல்லை.

குரு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். முந்தி வந்தவருக்கும் பிந்தி வந்தவருக்கும் ஒரே அளவாகத் தெளித்து, "சரியான நேரத்துக்கு வந்திட்டீங்கள்," என்றார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

குலவீரசிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார்.

"மாத்தேல்லைப் போலக் கிடக்கு அக்கா. மாத்தியிருந்தால் இதுக்குள்ள வந்திருப்பினம்."

"ஓம்."

"அப்ப இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"ஓம்."

"நான் இப்ப என்ன செய்ய?"

"ஆரணி எங்க?"

"உள்ளுக்கு அலங்கார அறையில."

"ஏதாவது சாப்பிட்டவளோ?"

குலவீரசிங்கத்துக்குத் தெரியவில்லை. குரு தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவருக்குப் பன்னீர் தெளிக்கப் போய்விட்டார்.

ஆரணி கூறைச் சேலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோழிகள் வெளியே படம் எடுக்கப் போயிருந்தார்கள். தலையில் அத்தனை பூ, அவளால் குனியவும் முடியாது. அப்பாவையும் வாழைப்பழத்தையும் கண்டதும் வாயைத் திறந்தாள். அவர் தோலை உரித்துத் துண்டு துண்டாக ஊட்டினார். மூன்று மாதமாக இருவரும் மண்டபம், பூ, கார்டு என்று மட்டுமே கதைத்திருந்தார்கள். இன்றைக்குக் கதைக்க அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

"அப்பா, நான் ரெண்டாம் வகுப்புப் படிக்கேக்க என்னை ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில விட்டீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"நவம்பர் மாசம். மணிக்கூட்டை மாத்த மறந்துபோனன். கேற் பூட்டிக் கிடந்தது."

"காருக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தம். நீங்கள் பாட்டுப் பாடினீங்கள்."

"நான் எங்க பாடினனான்?"

"பாடினீங்கள் அப்பா. சாமிப் பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்து, ஒண்டுக்கும் முழுசாச் சொல்லுத் தெரியாமல். எனக்குப் பள்ளிக்கூடத்திலயே நல்ல நாள் அதுதான்."

அவர் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப பாடுங்கோ."

"போடி. வெளியில சனம்."

"கதவைச் சாத்திப்போட்டுப் பாடுங்கோ."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் பாடினார். அப்போதும் சொல் தெரியவில்லை. தெரியாத இடங்களை முனகி நிரப்பினார். ஆரணி கண்மை கரையக் கூடாது என்று அடக்கிப் பார்த்து, முடியாமல், பூவெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டாவது பழத்தை அவரே சாப்பிட்டார். பாதியில் அவள் பறித்துக்கொண்டாள்.

வெளியே மேளம் கேட்டபோது இருவருக்கும் எழும்ப மனமில்லை.

பரஞ்சோதி மாப்பிள்ளையோடு வந்து இறங்கி, கைமணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார். எட்டு மணி. மண்டபம் நிறைந்திருப்பதைக் கண்டு அவருக்குப் பெரிய பெருமை.

"பாத்தீங்களோ. கார்டில போட்டால் சனம் நேரத்துக்கு வரும்."

மாப்பிள்ளையின் போனில் ஒன்பது. அவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் தாய் குலவீரசிங்கத்தின் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, ராத்திரி துடக்கம் நான் வாயே திறக்கேல்லை. என்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு நாள் இருந்ததில்லை."

சடங்குகள் ஒழுங்காக நடந்தன. தாலி ஏறும்போது பரஞ்சோதி மணிக்கூட்டைப் பார்த்து, "ஒன்பது எண்டால் ஒன்பது," என்றார். குருக்கள் போனைப் பார்த்து, "பத்து எண்டால் பத்து," என்றார். கெட்டிமேளத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தாராளமாகத் தலையாட்டினார்கள். வென்றவர்கள் எப்போதும் தாராளமாகத்தான் இருப்பார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் குலவீரசிங்கம் பாயசவாளியோடு வந்தார். குருவின் கோப்பையை நிரப்பிவிட்டு அப்படியே நின்றார்.

"எல்லாம் நல்லா முடிஞ்சுது அக்கா. ஆனா நீங்கள் நேற்றைக்குச் சொல்லுறன் எண்டதை இன்னும் சொல்லேல்லை."

"எதை?"

"அந்த மணித்தியாலம் எங்க போனது எண்டு."

குரு பாயசத்தைக் குடித்து முடித்தார். அடியில் கிடந்த முந்திரிகைப் பருப்பையும் விடவில்லை.

"மாப்பிள்ளை வீட்டார் வருமட்டும் என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"ஒண்டும் செய்யேல்லை. சும்மா பிள்ளையோட இருந்தனான். ஒரு வாழைப்பழத்துக்கு ரெண்டு பேரும் சண்டை பிடிச்சம். பாடச் சொன்னாள், பாடினன்..."

குலவீரசிங்கம் நிறுத்திவிட்டார். வாளி அவர் கையில் சாய்ந்து போனது.

குரு கோப்பையை நீட்டினார்.

"அப்ப அது எங்கையும் போகேல்லை. பாயசம் சிந்துது, இதுக்குள்ள ஊத்துங்கோ."