பெரிய டிரம் வந்துகொண்டிருக்கிறது

தும் என்று ஒரு சத்தம். அதற்குள் பாட்டின் அடுத்த வரி பாதி போயிருக்கும். கல்லூரி விடுதியிலிருந்து நான் திருவிழாவுக்கு ஊர் வரும்போது, பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறும் முன்பே அந்தச் சத்தம் காற்றோடு வந்து சேரும். பனங்கூர் பேண்டு செட்டில் பெரிய டிரம் எப்போதும் ஓர் அடி பிந்தித்தான் விழும். மற்றவர்கள் தொடங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு அடிப்பதே மரியாதை என்று டிரம் அடிப்பவர்கள் தகப்பன் வழியாக நம்பிவந்தார்கள். பிறகு எவ்வளவோ சரியான தாளங்களைக் கேட்டுவிட்டேன். ஒன்றும் மனதில் தங்கவில்லை.

அந்த டிரம்முக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

செட்டில் அப்போது மூன்று பேர். கிளாரினெட் வாசிக்கும் அருளாந்து தலைவர். டிரம்பெட் ஊதும் சூசை அவர் மனைவியின் தம்பி. பெரிய டிரம் அடிக்கும் தொம்மை அவருடைய சொந்தத் தம்பி. சூசை பிளஸ் டூ பரீட்சையைப் பல தடவை எழுதியவன். ஒரே தடவையில் விட்டவர்களைவிட அவன் அதிகம் படித்தவன் என்று மற்ற இருவரும் கருதினார்கள்.

டிரம்மின் தோல் தொய்ந்திருக்கிறது, வெயிலில் வைத்தால் இறுகும் என்று யாரோ சொன்னார்கள். தொம்மை வைத்தான். எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அது தானாகவே ஒரு தும் சொல்லிவிட்டுக் கிழிந்தது.

கிழிந்ததைப் பேருந்து நிலையத்துப் பழைய சாமான் கடை ரத்தினவேலுவிடம் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். "தோலை மட்டும் மாத்தலாமேய்யா" என்று அவர் சொல்லிப் பார்த்தார். தோல் புதிது, கட்டை பழையது என்றால் டிரம்முக்குத் தன் வயது தெரியாமல் குழப்பமாகிவிடும் என்று அருளாந்து மறுத்துவிட்டார்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சவேரியார் கோயில் பகல் தேருக்கு முன்னால் வாசிப்பது பனங்கூர் செட்டின் உரிமை. அது கைவிட்டுப் போனால் எடுத்துக்கொள்ளக் கீழையூர் செட் தயாராக இருந்தது. அருளாந்துவின் மனைவி பவுலின் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"தேரு போச்சுன்னா அந்தக் குழலை வித்துட்டு ஓசூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போங்க. எங்க சித்தப்பா சொல்லி வச்சிருக்காரு."

"வாட்ச்மேன் வேலைல இதை வாசிக்க விடுவாங்களா?" என்று அருளாந்து கிளாரினெட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"விசில் ஊத விடுவாங்க."

அன்று மாலையே சூசை போனில் ஒரு டிரம்மைக் கண்டுபிடித்தான். படத்தில் அது பளபளவென்று இருந்தது. விலை நாலாயிரம்.

பனங்கூரில் சொன்ன விலைக்கு யாரும் எதையும் வாங்கியதில்லை. விலையைக் கேட்க வேண்டும், சிரிக்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல் குழாயடி வரை நடக்க வேண்டும். கடைக்காரர் கூப்பிடுவார். பாதி விலைக்கு முடியும். ஆகவே போனை முக்காலியில் வைத்துவிட்டு மூவரும் சிரித்தார்கள். குழாயடி வரை நடந்தார்கள். போன் கூப்பிடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு.

"நீ சிரிச்சது அதிகம்டா" என்றார் அருளாந்து, தொம்மையிடம்.

"எல்லாருந்தானே சிரிச்சோம்."

"நாங்க விலையைப் பார்த்துச் சிரிச்சோம். நீ கடைக்காரன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

இந்தத் தடவை சிரிக்காமல் பாலம் வரை நடந்தார்கள். திரும்பினால் ஐயாயிரத்து நூறு. அதற்குக் கீழே, இதை இப்போது பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இருந்தது.

தொம்மை எழுந்து போய்ச் சுவருக்குப் பின்னால் தேடினான். மாட்டுக் கொட்டகையில் தேடினான். "ஒருத்தரையும் காணோம்ணே. ஒளிஞ்சுக்கிட்டாங்க."

"கீழையூர்க்காரங்களா இருக்கும்" என்றார் அருளாந்து. அவர்கள் மேலும் பார்த்துவிடாதபடி போனைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார்.

மறுநாள் ஐயாயிரத்து எண்ணூறு. அதற்கு மேல் நடக்க ஊரில் தூரம் இல்லை. கோயில் கொடுத்திருந்த முன்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டார்கள்.

பார்சல் வந்தது. உள்ளே காபி டம்ளர் அளவில் ஒரு டிரம் இருந்தது. குச்சிகள் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரியவை.

மூவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"டெல்லியில இருந்து வருது" என்றான் சூசை கடைசியில். "தூரத்துல இருந்து வர்றது எதுவும் முதல்ல சின்னதாத்தான் தெரியும். பஸ்ஸைப் பாருங்க."

அது நியாயமாகப்பட்டது. டிரம்மை முக்காலியில் வைத்து அது முழுதாக வந்து சேரக் காத்திருந்தார்கள். இரண்டு நாளாகியும் வரவில்லை. சூசை கம்பெனிக்கு போன் போட்டான். ஒரு பெண் மிக இனிமையாக, "நாங்கள் விற்கவில்லை சார். எங்கள் தளத்தில் ஒரு மூன்றாம் நபர் விற்றிருக்கிறார். அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றாள்.

"அவரு எங்க இருப்பாரு?"

"அது எங்களுக்குத் தெரியாது சார்."

தெருமுனையில் போய் நின்றார்கள். முதலில் ஓர் ஆடு மேய்ப்பவர் வந்தார். விட்டுவிட்டார்கள். அடுத்துப் பால்காரம்மா. விட்டுவிட்டார்கள். மூன்றாவதாகச் சவேரியார் கோயில் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்தார்.

"சாமி, நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நாங்க நினைக்கலை" என்றார் அருளாந்து.

சாமியார் இறங்கி, நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தேர் கிளம்பும்போது பெரிய டிரம் இருக்கணும். இல்லைன்னா கீழையூர் செட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவுலினின் கம்மல் அடகுக்குப் போயிற்று. சூசை மறுபடி தேடினான். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று, இருப்பதிலேயே விலை அதிகமான டிரம்மைத் தேர்ந்தெடுத்தான். சிவப்பு நிறம். ஒன்பதாயிரம். குழாயடிக்குப் போகாமலே ஆர்டர் போட்டார்கள்.

மறுநாள் ரத்தினவேலு மொபெட்டில் வந்து இறங்கினார்.

"யோவ் அருளாந்து, இந்த டிரம்முக்கு ஆர்டர் போட்டது நீதானா? என் மருமகன் விலாசத்தைக் காட்டினான். அது உங்க டிரம்தான்யா. தோல் மாத்திச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு அவன்தான் போன்ல போட்டான். ஆர்டரை ரத்துப் பண்ணிட்டுக் கடைக்கு வா. ரெண்டாயிரத்துக்குத் தர்றேன். உங்க டிரம்மை உங்ககிட்டயே ஒன்பதாயிரத்துக்கு வித்தா எனக்குப் பாவம்."

மூவரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள்.

"நாம இன்னும் சிரிக்கவே இல்லை, அதுக்குள்ள குறைக்கிறாரு" என்றார் அருளாந்து.

"கோளாறு உள்ள சாமானா இருக்கும் மச்சான்."

தொம்மை திரும்பி வந்து கேட்டான். "ரத்தினவேலண்ணே, ரெண்டும் ஒரே டிரம்மா?"

"ஒரே டிரம்தான்டா."

"கடையில ரெண்டாயிரம், போன்ல ஒன்பதாயிரமா?"

"ஆமாம்."

"அப்ப போன்ல இருக்கிறதுதான் நல்லது" என்றான் தொம்மை. ரத்தினவேலு மொபெட்டை உதைத்தார்.

டிரம் பேருந்து நிலையத்திலிருந்து மதுரைக்குப் போயிற்று. அங்கிருந்து சென்னைக்கு. எதற்காகவோ பெங்களூருக்கும் போயிற்று. நம்ம ஊர்ப் பொருள் இவ்வளவு ஊர் சுற்றாது, இது உயர்ந்த சரக்கு என்று சூசை ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முதல் மணி அடித்தபோது வாசலில் பார்சல் வந்து நின்றது. கொண்டுவந்தவர் சந்தனராஜ், நாற்பது தாண்டியவர், முதுகில் பெரிய பை.

"ஓடிபி சொல்லுங்க" என்றார்.

சூசை போனை மார்போடு சேர்த்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"என்கிட்ட சொல்லணும்ங்க. அப்பத்தான் பெட்டியை ஒப்படைக்க முடியும்."

"உங்களைத் தவிரன்னு அதுல போடலையே."

"மாப்ள, என்கிட்டயாவது சொல்லு" என்றார் அருளாந்து.

"அக்கா புருஷன்னு பார்க்க முடியாது மச்சான்."

அருளாந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருவன் தன் செட்டில் இருப்பதை அவர் அதுவரை உணர்ந்ததில்லை. பவுலின் உள்ளேயிருந்து, "ஓசூர் பஸ்சு எத்தனை மணிக்குன்னும் அவனையே கேளுங்க" என்றாள்.

இரண்டாவது மணி அடித்தது. தெருமுனையில் கீழையூர் செட் சீருடையில் வந்து நின்றது.

தொம்மை மெதுவாகப் பேசினான். "அண்ணே, நம்ம கைக்குக் குடுக்கத்தானே நம்பர் வேணும். பெட்டி அவர்கிட்டயே இருக்கட்டும். அவரு வந்து அடிக்கட்டும்."

"எனக்கு இன்னும் ஒரு மூட்டை பார்சல் பாக்கியிருக்கு" என்றார் சந்தனராஜ்.

"தேர் எல்லாத் தெருவுக்கும் போகும். இன்னைக்கு வேற வண்டியை உள்ள விட மாட்டாங்க."

சந்தனராஜ் யோசித்தார். வேறு வழி இருப்பதாக அவருக்கும் தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்தால் ஒப்படைத்ததாகிவிடும். அதனால் பிரிக்காமலே கழுத்தில் கட்டிவிட்டார்கள். 'உடையும் பொருள், கவனம்' என்ற எழுத்தின் மேலேயே சந்தனராஜ் குச்சியால் அடித்தார். அட்டைக்குள்ளிருந்து ஒரு கனத்த சத்தம் வந்தது. சாமியார் எட்டிப் பார்த்து, எதையும் கேட்காமல் இருப்பது என்று முடிவு செய்தார். தேர் கிளம்பியது. கீழையூர் செட் பரோட்டாக் கடைக்குப் போயிற்று.

தேர் முச்சந்திகளில் நிற்பதுதான் வழக்கம். அன்று பார்சல் உள்ள வீடுகளில் நின்றது. டிரம் நிற்கும், பின்னாலேயே சவேரியார் நிற்பார், சந்தனராஜ் பையில் கைவிட்டுப் பெயர் வாசிப்பார். ஒரு வீட்டில் குக்கர் வளையம் இறங்கியது. ஒரு வீட்டில் செருப்பு. புனிதர் வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று பெண்கள் அழுதார்கள். உண்டியல் இருமுறை நிரம்பியது. அடுத்த வருடத்துக்கும் பனங்கூர் செட்தான் என்று சாமியார் அன்றே அறிவித்துவிட்டார். பவுலின் சித்தப்பாவுக்கு போன் போட்டு, வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள்.

பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. சூசை இன்னும் சொல்லவில்லை. பெட்டியை ஒப்படைக்காமல் ஊரைவிட்டுப் போக முடியாததால் சந்தனராஜ் செட்டிலேயே தங்கிவிட்டார்.

அவர் விட்ட கூரியர் வேலைக்குத் தொம்மை போய்ச் சேர்ந்தான். வீடு வீடாகப் போய் நம்பரைக் கேட்கிறான். சொல்பவர்களிடம், சொல்லக் கூடாது என்று போட்டிருப்பதைக் காட்டிவிட்டுப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கடைசிவரை வாய் திறக்காதவர்களுக்கு மட்டும் கொடுக்கிறான். போன மாதம் அவனுக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள்.