டப்பா பிரிக்காத பம்ப்

"அயோக்கியப் பசங்க!" என்றார் வைரக்கண்ணு.

பல்லடத்தில் தவமணியின் ஒர்க்ஷாப். அவளுக்கு வயது நாற்பது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வைரக்கண்ணுவுக்கு அறுபத்து நான்கு. தன் பழைய காரைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஆறு மாதமாக அவளிடம் தொழில் படிக்கிறார். ஸ்பானர் பிடித்ததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

"யாருங்க சார்?"

"கம்பெனிக்காரன்! வண்டியத் தலையில கட்டிட்டு, இப்ப அந்த மாடலே இல்லைன்னு கையை விரிச்சுட்டான். ஒரு ஸ்டியரிங் பாக்ஸ் கிடைக்க மாட்டேங்குது. கோயமுத்தூர், சேலம், மெட்ராஸ், எல்லா ஊர்லயும் தேடியாச்சு."

கோபத்தில் நியாயம் இருந்தது. பக்கவாதம் வந்த அவர் மனைவியால் வேறு எந்த வண்டியிலும் ஏற முடியாது. இதன் கதவு அகலம், சீட் உயரம். புதன்கிழமைதோறும் கோவைக்குப் பயிற்சிக்குப் போய், இப்போதுதான் அந்த அம்மாள் வலது கையால் டம்ளர் பிடிக்க ஆரம்பித்திருந்தார். வண்டி ஓடாமல் இரண்டு புதன் வீணாகப் போய்விட்டது.

"குரூப்ல கேட்டீங்களா?"

அந்த மாடல் வைத்திருக்கும் நாற்பத்து மூன்று பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு நடத்தினார்கள். தினமும் காலை வணக்கம் உண்டு. ஆயுதபூஜைக்கு மாலை போட்ட கார் படம் உண்டு. யாராவது பார்ட்ஸ் கேட்டால் மட்டும் மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் பேச்சு வராது.

"கேட்டேன். ஒருத்தன் வாயைத் திறக்கல. வீட்ல வச்சிருக்கானுங்கம்மா, தர மாட்டேங்கறானுங்க. மனுஷங்களா இவனுங்க?"

"நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

வைரக்கண்ணுவின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வாட்டர் பம்ப். டப்பா பிரிக்காதது. மாடலை நிறுத்தப் போறான்னு தெரிஞ்சதுமே வாங்கிப் பரண்ல போட்டுட்டேன். உடுமலையில கமாலுதீன்னு ஒருத்தர், மூணு தடவை ஃபோன் பண்ணிட்டாரு. நடக்க முடியாத அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். இல்லைன்னுட்டேன்."

"இருக்கறத இல்லைன்னீங்களா?"

"நாளைக்கு நமக்கு வேணும்னா எவன் தருவான்?"

தவமணிக்குக் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அவர் வயதை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்க சார்."

செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது, விரித்த சாக்கின் மேல் ஒரு ஸ்டியரிங் பாக்ஸ் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்மானமே இல்லை.

"மகராசி! எங்க பிடிச்சே?"

"ஒரு வண்டியப் பிரிச்சுட்டு இருந்தாங்க. அதுல எடுத்தேன்."

"இவ்வளவு நல்லா வச்சிருந்த வண்டியையா?" அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கிறதே நாற்பத்து மூணு. அதுல ஒண்ணைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கானே! எந்தப் பாவிம்மா அவன்? அப்படி என்ன கேடு வந்துச்சு வண்டிக்கு?"

"வாட்டர் பம்ப் போயிருச்சுங்க. வேற பம்ப் கிடைக்கல. வேற வழியில்லாம அதோடயே ஓட்டியிருக்காரு. சூடாகி இன்ஜினே போச்சு."

வைரக்கண்ணு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

பட்டறைக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எந்த ஊரு?"

"உடுமலை."

ஸ்டியரிங் பாக்ஸைச் சாக்கின் மேல் மெல்ல வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

"அந்த அக்கா... இப்ப எதுல போறாங்க?"

"போறதில்லீங்க."

தவமணி ஸ்பானரை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நாளைக்குப் புதன்கிழமை. உங்க வீட்டம்மா போகோணுமில்ல? மாட்டுங்க சார்."